சக்கர வீட்டில் மூன்று இரவுகள்

"காட்டில் போய்ப் படுத்துக் கொள்வதற்கு யாராவது காசு கொடுப்பார்களா?" என்று நேயர்கள் கேட்கலாம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் கொடுக்கிறார்கள். அதுவும் மாதக்கணக்கில் முன்னதாகவே காத்திருந்து, ஒருவரோடொருவர் போட்டியிட்டுக் கொடுக்கிறார்கள். சென்ற கோடையில் நாமும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தோம்.

அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் நெடுங்காலமாக வசித்து வரும் நண்பர் ஒருவர் டிரெயிலர் ஒன்று வாங்கியிருந்தார். டிரெயிலர் என்பது மோட்டார் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு. கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, சிறு கழிப்பறை ஆகிய யாவும் அதற்குள் அடக்கம். நண்பருடையது 24 அடி நீளம். தம் மனைவி, பத்து வயதுப் பெண், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த வயோதிகத் தாயார், விருந்தாளியாகிய நாம் ஆகிய எல்லோரையும் ஏற்றிக் கொண்டு, ஒரு மாகாணப் பூங்காவை நோக்கிப் புறப்பட்டார். பூங்காவின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே நாம் கண்ட குறைகள் அதற்கு மட்டுமே சொந்தமானவை அல்ல.

இடம் பதிவு செய்தபோது கணினித் திரையில் ஒரு படம் காட்டினார்கள். அடர்ந்த நிழல், நிழலின் கீழே மர மேஜை, அருகே தீ மூட்டுவதற்கு இரும்பு வளையம். நாம் போய்ச் சேர்ந்தபோது மேஜை இருந்தது. வளையமும் இருந்தது. நிழலை மட்டும் காணோம்! அதற்குப் பதிலாக ஏழெட்டு அடிமரங்கள் தரையோடு தரையாக அறுபட்டுக் கிடந்தன.

விசாரித்ததில் காரணம் தெரிய வந்தது. மரகதப் பச்சை நிறமுள்ள ஒரு சிறு வண்டு ஆசியாவிலிருந்து கப்பற் சரக்கோடு வந்து, 2002-இல் டெட்ராய்ட் நகரத்துக்கருகில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழுக்கள் ஆஷ் என்னும் மரத்தின் பட்டைக்கடியில் புகுந்து, மரத்துக்கு உணவு செல்லும் வழியையே துண்டித்து விடுகின்றன. அன்று முதல் அத்தேசத்தில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப் போயின. பட்ட மரம் கூடாரத்தின் மேல் விழுமே என்று அஞ்சி வெட்டி விடுகிறார்கள். வெளியூர் விறகைப் பூங்காவுக்குள் கொண்டு வரலாகாது என்ற விதியும் இதனால்தான். மரத்தை வெட்டியதில் குற்றமில்லை. வெட்டிய இடத்தில் ஒரு கன்றுகூட நடப்படவில்லை. பழைய படத்தையும் எவரும் மாற்றவில்லை. அதுதான் நமக்கு வருத்தம்.

அடுத்தபடியாக, வண்டியை நிறுத்தும் வைபவம். இடம் குட்டை, பாதை குறுகல், நடுவே ஒரு பாறை. நண்பர் பின்பக்கமாக வண்டியைச் செலுத்தினார். மனைவி இடப்புறமென்று கை காட்டினார். நாம் வலப்புறமென்று கை காட்டினோம். முக்கால் மணி நேரம் கழித்து டிரெயிலரின் மூக்கு பாதையில் நீட்டிக் கொண்டிருக்க, ஒரு மாதிரியாக நின்றது.

இந்தக் குறுகலுக்கும் ஒரு கதை உண்டு. மோட்டார் வண்டி பரவிய புதிதில் ஜனங்கள் காட்டுக்குள் இஷ்டம்போல வண்டியை ஓட்டி, மரத்தடியில் நிறுத்தி வந்தார்கள். சக்கரம் ஏறி ஏறி மண் இறுகிற்று; வேர்கள் மூச்சுத் திணறின; மரங்கள் வாடின. மைனெக்கே என்னும் தாவர நோய் நிபுணர் இதை ஆராய்ந்து, 1930-களின் தொடக்கத்தில் ஒரு திட்டம் வகுத்தார். ஒரே திசையில் சுற்றி வரும் வளையப் பாதை. அதிலிருந்து கிளைக்கும் சிறு ஒதுக்கிடங்கள். ஒவ்வொன்றிலும் நிலையான மேஜையும் அடுப்பும். வண்டி அப்பால் செல்லாதபடி தடுக்கும் பாறைகள். மரங்களைக் காப்பாற்றும் பொருட்டு ஒரு மர வைத்தியர் வகுத்த அந்த ஏற்பாடே இன்றளவும் அமெரிக்க முகாம்களின் அமைப்பாக இருந்து வருகிறது. ஆனால் அவர் காலத்து வண்டிகள் சிறியவை. இன்றைய டிரெயிலர்களோ முப்பது அடியையும் தாண்டி விட்டன. வண்டிகள் வளர்ந்தன, இடங்கள் வளரவில்லை.

இரவு வந்தது. மின்சாரக் கம்பத்தில் 30 ஆம்பியர் இணைப்பு ஒன்று உண்டு. குளிர்சாதனம் ஓடிக் கொண்டிருக்கும்போது நண்பரின் மனைவி காப்பிக்காக வெந்நீர்ப் பாத்திரத்தையும் மின்சாரத்தில் மாட்டினார். உடனே எல்லாம் அணைந்தது. இருட்டில் தட்டுத் தடுமாறிக் கம்பத்தைத் தேடிச் சென்ற நம் காலில் முதலில் அகப்பட்டது ஓர் அடிமரம்.

இவற்றையெல்லாம் சிரித்துக் கொண்டே சகித்திருக்கலாம். சகிக்க முடியாதது மறு நாள் காலையில் நேர்ந்தது. தாயாருக்கு விடியற்காலை ஸ்நானம் செய்யாமல் ஒரு வாய்த் தண்ணீரும் இறங்காது. துண்டும் புடவையுமாகப் பொதுக் குளியலறைக்குச் சென்றவர் சற்று நேரத்தில் திரும்பி வந்தார். கதவில், "பழுது பார்ப்பதற்காக மூடப்பட்டுள்ளது" என்று ஓர் அறிவிப்பு. அந்தக் காகிதம் வெயிலில் மஞ்சளாகி ஓரம் சுருண்டிருந்தது. பழுது பார்ப்பவர் எவரையும் காணோம். டிரெயிலரின் தொட்டித் தண்ணீரில் அரை வாளி எடுத்து அம்மையார் குளித்து முடித்தார்.

"ஏண்டாப்பா, இந்த இடம் யாருடையது?" என்று மகனைக் கேட்டார்.

"சர்க்காருடையது, அம்மா."

"அப்படியென்றால் யாருடையதும் இல்லையா?"

நண்பர் பதில் சொல்லவில்லை.

அன்று மாலை முகாம்வாசிகளுக்கு உதவியாக இருந்து வரும் முதியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். அங்கே இப்படிப்பட்ட தொண்டர்கள் பல பூங்காக்களில் உண்டு. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தங்கள் டிரெயிலரை வாடகையின்றி நிறுத்திக் கொள்ளலாம், அவ்வளவுதான். அதற்கு ஈடாகச் சாம்பலை அள்ளுகிறார்கள். வருவோருக்கு வழி சொல்கிறார்கள். நண்பர் குறைகளை அடுக்கினார். பெரியவர் பொறுமையாகக் கேட்டு விட்டு, "குளியலறைக்காக நான் மூன்று கடிதம் எழுதினேன். என் ஒருவனுடைய கடிதம் என்ன செய்யும்? வருகிறவர்கள் என்னிடம் கோபித்துக் கொள்கிறார்கள். பிறகு போய் விடுகிறார்கள். எழுத வேண்டிய இடத்துக்கு எழுதுவதில்லை" என்றார்.

அவர் காட்டிய பிறகுதான் குளியலறையின் கற்சுவரை நாம் உற்றுப் பார்த்தோம். அது எவ்வளவு அழகான கட்டுமானம்! 1933-இல், கொடிய பொருளாதார மந்தத்தின்போது, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வேலையற்ற இளைஞர்களுக்காக ஒரு படை அமைத்தார். 1942 வரையில் சுமார் 30 லட்சம் பேர் அதில் பணி புரிந்தனர். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் பெரும்பகுதி, சாதாரணமாக 25 டாலர், ஊரில் பசித்திருந்த குடும்பத்துக்கு அனுப்பப்பட்டது. காடுகளில் மரம் நட்டதும், பாதை போட்டதும், நூற்றுக்கணக்கான பூங்காக்களை உருவாக்கியதும் அந்தப் பையன்களே. இந்தச் சுவரின் கல்லும் அவர்கள் கொத்தியதே. ஏழ்மையில் தேசம் கட்டிய மண்டபத்துக்கு, செல்வத்தில் ஒரு குழாய் மாற்ற ஆளில்லை! இந்நிலை மாகாணப் பூங்காக்களோடு நிற்கவில்லை. தேசியப் பூங்காக்களில் செய்யாமல் தள்ளிப் போட்ட பராமரிப்பு வேலைகளின் மதிப்பு, 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி சுமார் 2,300 கோடி டாலர்.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். கழிவு நீரை வடிக்கும் இடம் ஒன்றே ஒன்று. அதன் முன் பதினான்கு வண்டிகள் வரிசையில் நின்றன. நம்முடையது பதினைந்தாவது. எரிச்சலின் உச்சியில் இருந்த நண்பர், "இனி இந்தப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை. தனியார் முகாமுக்கு இரட்டிப்பு வாடகை கொடுத்துப் போய் விடுகிறேன். நீச்சல் குளமே இருக்கிறது!" என்றார்.

தாயார் ஜன்னல் வழியே வரிசையைப் பார்த்துக் கொண்டிருந்தார். முன்னால் நின்ற பழைய வண்டியில் நான்கு குழந்தைகள். முதல் நாளிரவு நம் டிரெயிலரின் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டை கொடுத்து உதவிய குடும்பம் அது.

"நீ போய் விடுவாய். இரட்டிப்பு வாடகை கொடுக்க முடியாத இவர்கள் எங்கே போவார்கள்? உன்னைப் போல எழுதப் படிக்கத் தெரிந்தவர்களெல்லாம் போய் விட்டால், அந்தக் கிழவருடைய கடிதத்தோடு சேர்த்து எழுத இங்கே யார் இருப்பார்கள்?" என்றார்.

பொதுச் சொத்து எப்படி நாசமாகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நாம் கேட்டதில்லை. முதலில் கொஞ்சம் பழுது, வசதியுள்ளவர்கள் விலகுகிறார்கள், கேட்பாரில்லாமல் பழுது பெருகுகிறது, கடைசியில், "பொதுவென்றால் இப்படித்தான்" என்று விலகியவர்களே தீர்ப்புக் கூறுகிறார்கள்.

விலகும் உரிமை நமக்கு உண்டா என்பதையும் யோசிக்க வேண்டும். அந்தத் தேசத்தின் தென்பகுதியில் பொதுப் பூங்கா என்பது நெடுங்காலம் வெள்ளையருக்கு மட்டுமே பொதுவாக இருந்தது. 1963-இல் நீதிமன்றம் எல்லாரையும் அனுமதிக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தபோது, கறுப்பு மக்களோடு சேர்ந்து அனுபவிப்பதைக் காட்டிலும் மூடி விடுவதே மேல் என்று, தென் கரோலினா மாகாணம் தன் பூங்காக்கள் அனைத்தையும் மூடியது. அவை முழுமையாக எல்லாருக்கும் திறந்தது 1966-இல். எத்தனையோ பேர் போராடித் திறந்து வைத்த கதவு அது. அதன் வழியாகத்தான் நம் நண்பரின் சக்கர வீடும் உள்ளே போயிற்று. குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதற்காக அந்தக் கதவை விட்டு அகன்று போவது நன்றியாகுமா?

ஊர் திரும்பிய அன்றிரவே நண்பர் பூங்கா இலாகாவுக்குக் கடிதம் எழுதினார். மூடிய குளியலறை, இல்லாத நிழலைக் காட்டும் படம், நடப்படாத கன்றுகள் ஆகிய ஒவ்வொன்றையும் வரிசையாகக் குறித்தார். அவருடைய பெண், கன்று நடும் நாளைத் தெரிவித்தால் தானும் வந்து குழி தோண்டுவதாகக் கடைசியில் தன் கையாலேயே இரண்டு வரி சேர்த்தாள்.

பதில் வந்ததா என்று நேயர்கள் கேட்கக் கூடும். இன்னும் வரவில்லை. இரண்டாவது கடிதமும் போய் விட்டது. அடுத்த கோடைக்கு அதே பூங்காவில் இடமும் பதிவாகி விட்டது.