நொச்சி ஆவியும் கன்னத்து அறையும்

சைனஸ் தொல்லைக்கு நொச்சித் தழை போட்டு ஆவி பிடிக்கிறோமே, அது உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். ஆவி பிடிப்பதை நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே நடப்பதுதான் அதிசயம்.

முகத்து எலும்புகளுக்குள் சைனஸ் எனப்படும் 4 ஜோடிக் காற்றறைகள் உண்டு. அவற்றில் பெரியது கன்னத்தில் இருப்பது. அதன் வாசல் அடியில் இல்லை, கூரையை ஒட்டி உயரத்தில் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது சளி தானாக வழிந்து வெளியேற முடியாது. அதை மேலேற்றவே அறையின் உட்சுவரெங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்கு ஏறத்தாழ 10 தடவை துடிக்கின்றன. எங்கள் வீடு கட்டியபோது சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றி மாடிக்கு ஏற்றியதைப் பார்த்திருக்கிறேன். அதே வேலைதான் இது. இதைவிட விந்தை, அடியில் புதுத் துளை போட்டுக் கொடுத்தாலும் இந்த மயிர்கள் சளியைப் பழைய வாசலுக்கே கொண்டுபோகும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர மருத்துவர் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் இந்தப் பாதைகளை ஆராய்ந்து காட்டினார். இயற்கை வாசலைத் திறந்துவிடும் இன்றைய எண்டோஸ்கோப் சிகிச்சை அந்த அறிவின்மேல் எழுந்ததே.

ஜலதோஷத்தில் வாசல் வீங்கி அடைகிறது, சளி கெட்டியாகிறது, மயிர்கள் திணறுகின்றன. ஆவியின் ஈரச்சூடு சளியைச் சற்று இளக்கும். நொச்சி எண்ணெயின் மணம் மூச்சுக்கு இதம் தரும். ஆனால் ஆவி கிருமியைக் கொல்லாது. 2021இல் கொரோனாவுக்குப் பயந்து பொது இடங்களில்கூட ஆவிக் கருவிகளை வைத்தோம். பலர் ஒரே இடத்தில் முகக்கவசத்தைக் கழற்றி மூச்சுவிட்டால் தொற்றுதான் பரவும். கொதிக்கும் பாத்திரத்தின் முன் குழந்தையை உட்கார வைப்பது அதைவிடக் கொடுமை. வெந்து போன பிஞ்சு உடம்புக்கு எந்தத் தழையும் ஈடாகாது.

பெரும்பாலான சைனஸ் தொல்லை வைரஸால் வருவது, தானே அடங்கும். அதற்குக் கடையில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குவதும் தவறு. 10 நாள் தாண்டினாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரட்டையானாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆடு கடிக்காது என்பதால் வயலோரம் வேலியாக நின்ற செடி நொச்சி. கம்பிவேலி வந்ததும் வெட்டி எறிந்துவிட்டு, இப்போது தழைக்கு அலைகிறோம். ஒரு போத்தை ஒடித்து நட்டாலே வளர்ந்துவிடும். நடுங்கள், அளவோடு பயன்படுத்துங்கள். சிகரெட் புகை அந்த நுண்மயிர்களை முடக்கும், அதை விடுங்கள். மூக்குக்கு நாம் செய்யக்கூடிய பெரிய வைத்தியம் அதுதான்.