ஜெராய் மலையடியில் கோபுரமில்லாக் கோயில்

நிபோங் திபாலிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்கும் மேலான பயணம். கெடாவின் மெர்போக்கில் இறங்கியதும், "கோயில் எங்கே?" என்று கேட்டாள் தோழி. ஜெராய் மலைச் சரிவில், ஓடையோரம், கண்ணுக்குத் தெரிவது கருங்கல் அடித்தளம் மட்டுமே.

இதுதான் சண்டி புக்கிட் பத்து பஹாட். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழைமையான இந்துக் கோயில். கருவறையும் முன்மண்டபமும் தனித்தனியே தெரிகின்றன. மண்டபத்தில் வரிசையாகக் கற்கள். அவற்றின் மேல் நின்ற மரத்தூண்களும் கூரையும் என்றோ மக்கிவிட்டன. 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்த இதை, 1960 வாக்கில் மீண்டும் அடுக்கிக் கட்டினார்கள்.

கதைகளுக்கும் குறைவில்லை. சமையற்காரரின் விரல் வெட்டுப்பட்டு, கீரைக்குழம்பில் இரத்தம் சொட்டியதாம். அந்த ருசிக்கு அடிமையான அரசனுக்குக் கோரைப்பல்லே முளைத்ததாம்! அவன்தான் ராஜா பெர்சியோங். இதைச் சொல்லும் 'ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா', ஜெராய் முன்பு தீவாக இருந்தது என்றும் சொல்கிறது. கோரைப்பல்லை விடுங்கள், தீவை அப்படித் தள்ளிவிட முடியாது. அந்நாளில் கடல் இன்னும் உள்ளே வந்திருந்தது. 1,217 மீட்டர் உயர ஜெராய்தான் மாலுமிகளுக்கு அடையாளம். 1025இல் இராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த கடாரமும் இப்பகுதியே என்பர்.

இதே பூஜாங் பள்ளத்தாக்கில் 2013இல் மற்றொரு சண்டியை, நில மேம்பாட்டுக்காக இயந்திரம் கொண்டு இடித்துத் தள்ளினார்கள். அதற்கும் கோபுரம் கிடையாது.