வேரில் நிற்கும் ஈரம்

முள்ளில்லாத பந்துபோல், பெரும்பாலும் எட்டு வரிப்பட்டைகளோடு இருக்கும் யூஃபோர்பியா ஒபீசா தொட்டியில் வாடினால், உடனே தண்ணீர்க் குவளையைத் தேடுகிறோம். அதுதான் தப்பு. தென்னாப்பிரிக்காவின் காரூ வறள்நிலத்துச் செடி இது. நீரை உடம்பிலேயே சேமித்து, இலைத்துளைகளின் வேலையைச் செய்யும் தண்டுத்துளைகளை இரவில் திறந்து ஈரத்தைக் காக்கிறது. இதைக் கொல்வது தாகமல்ல, வேரில் தேங்கும் ஈரம். அடிப்பக்கத்தை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள்: கொழகொழவென்று இருந்தால் அழுகல், சற்றே சுருங்கி உறுதியாக இருந்தால் வெறும் தாகம்.

“காரூவிலும் மழை பெய்கிறதே” என்று கேட்கலாம். பெய்கிறது, ஆனால் அந்தக் கல்மண்ணில் நீர் நிற்பதில்லை. ஆகவே நீரின் அளவைவிட மண்கலவை முக்கியம்: பாதிக்கு மேல் பருமணலும் பொடிக்கல்லும், ஓட்டையுள்ள மண்தொட்டி, அடிவரை காய்ந்தபின் தாராளமாக ஒரு முறை நீர். நல்ல வெளிச்சம் வேண்டும். நிழலில் இருந்த செடியைப் படிப்படியாகவே வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

1903இல் தாவரவியலாளர் ஹூக்கர் இதற்குப் பெயரிட்டபின், சேகரிப்பாளர்கள் காட்டிலிருந்து பிடுங்கிப் பிடுங்கியே அரிதாக்கிவிட்டார்கள். விதையில் வளர்த்த செடியையே வாங்குங்கள். ஆண், பெண் செடிகள் தனித்தனி என்பதால், விதைக்கு இரண்டும் தேவை. வெட்டினால் வடியும் பால் கண்ணில் படக்கூடாது.