அலைகள் ஓய்வதில்லை: ஒரு திரைப்படமும் கண்டோர் கூற்றும்

அகப்பொருள் நூல்களில் உடன்போக்கு என்பது தலைவன் தலைவி இருவரோடு அடங்கிவிடும் நிகழ்ச்சியன்று. அவ்விருவரும் ஊர் நீங்கிச் செல்லுங்கால் அவர்களைப் பற்றிப் பேசுவோர் பலர். நற்றாய் பேசுகின்றாள், செவிலி பேசுகின்றாள், தோழி பேசுகின்றாள். இவரேயன்றி, அவர்களோடு யாதோர் உறவும் இல்லாதாராய், வழியிடை எதிர்ப்பட்ட அளவால் உள்ளம் நெகிழ்ந்து பேசுவாரும் உளர். இவரைத் தொல்காப்பியர் ‘கண்டோர்’ என்னும் பெயரால் சுட்டுவர். பிறர் காதலைக் காணநேர்ந்தார் அதுபற்றிக் கருத்துரைத்தல் தமிழிலக்கியத்தில் தொன்றுதொட்டு வரும் மரபு என்பது இதனாற் புலனாகும். இம்மரபினை அளவுகோலாகக் கொண்டு, 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ என்னும் திரைப்படம் பற்றிக் காண்போரிடையே நிலவும் மாறுபட்ட கருத்துகளை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படமும் கதையும்

இப்படத்தை இயக்கியவர் பாரதிராசா, கதை மணிவண்ணனுடையது, இசை இளையராசா. கார்த்திக், இராதா என்னும் இருவரும் இதன்கண் முதன்முதலாக அறிமுகமாயினர். குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரை இதன் களமாக அமைந்தது. படம் பெருவெற்றி பெற்றது. அதே ஆண்டில் ‘சீதாகோக சிலுக’ என்னும் பெயரால் தெலுங்கிலும், 1983இல் ‘லவ்வர்ஸ்’ என்னும் பெயரால் இந்தியிலும் பாரதிராசாவே இக்கதையை மீண்டும் படமாக்கினார். தெலுங்குப் படம் அவ்வாண்டின் சிறந்த தெலுங்குப் படத்திற்கான தேசிய விருதினைப் பெற்றது.

கதை எளியது. விச்சு அந்தணர் குடியிற் பிறந்த இளைஞன்; அவன் தாய் இசை கற்பிப்பவள். மேரி கிறித்தவக் குடும்பத்துப் பெண். அவள் தமையன் தாவீது ஊரில் செல்வாக்கு மிக்கவன். இசை கற்க வந்த மேரியும் விச்சுவும் காதல் கொள்கின்றனர். அலர் எழுகின்றது, தமையன் சினங்கொள்கின்றான், இரு சமயத்தாரும் தத்தம் வேலியைக் காத்து நிற்கின்றனர். இறுதியில் விச்சு தன் பூணூலை அகற்றுகின்றான். மேரி தன் சிலுவையைக் களைகின்றாள். இருவரும் ஊரை விட்டு நீங்குகின்றனர்.

இம்முடிவு பற்றியே காண்போர் கருத்து இன்றளவும் வேறுபடுகின்றது. ‘இளமைக் காதலின் தூய்மையையும் துணிவையும் காட்டிய படம்’ என்பர் ஒரு சாரார். ‘பருவம் முதிராதாரைக் கற்பனையில் மயக்கி, அறியா வழியில் செலுத்தும் படம்’ என்பர் மற்றொரு சாரார். ‘காதலர் சென்றனர், பெற்றவள் நிலை யாது?’ என வினவுவர் பிறிதொரு சாரார். இவற்றுள் எது மெய், எது பொய் என்று துணியுமுன், இவை மூன்றும் எங்கிருந்து எழுகின்றன என்று காணுதல் வேண்டும்.

கண்டோர் கூற்றின் வகை

கண்டோர் எவ்வெவ்விடங்களிற் பேசுவர் என்பதைத் தொல்காப்பிய அகத்திணையியல் வகுத்துரைக்கின்றது. பொழுதும் வழியும் அச்சந்தருவன என்று காட்டி, அவ்வேளையிற் செல்லுதலின் குற்றத்தை எடுத்துரைப்பது ஒன்று. அண்மையிலுள்ள ஊரையும், செல்லவேண்டிய இடத்தின் தொலைவையும் அன்பொடு கூறுவது ஒன்று. சேர்ந்து செல்வார்பால் தம் நெஞ்சமும் சேர, இரங்கி விடைகொடுப்பது ஒன்று. தாயின் துயர்நிலை கண்டு, தேடிச் செல்லும் அவளைத் தடுப்பதும் விடுப்பதும் பிற. ஆகவே, ‘கண்டோர் அனைவரும் ஒரு குரலாற் பேசுவர்’ என்று தொல்காப்பியர் கருதினாரல்லர். அஞ்சுவாரும் உண்டு, அன்பு கொள்வாரும் உண்டு, தாய்க்காக வருந்துவாரும் உண்டு. ஒருவரே இம்மூன்றையும் ஒருங்கு உணர்தலும் கூடும்.

மேலே கூறிய முச்சாரார் கருத்தும் இவ்வகைப்பாட்டினுள் அடங்குதல் காண்க. இப்படத்தைக் காண்போர் தம்மை அறியாமலே பழைய கண்டோரின் இடத்தில் நின்று பேசுகின்றனர் என்பது எம் கருத்து.

அச்சங்காட்டுவார்

முதற்கண் குறைகாண்பார் கூற்றை நோக்குவோம். இவர் காட்டும் அச்சம் பெரும்பாலும் ஆண்டு பற்றியது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைமக்களுக்குரிய ஒப்புமை பத்தினை எண்ணுகின்றது. பிறப்பு, குடிமை, உரு, அருள், உணர்வு, திரு முதலியவற்றோடு ஆண்டும் அவற்றுள் ஒன்று. இறையனார் களவியலுரை தலைவனுக்குப் பதினாறும் தலைவிக்குப் பன்னிரண்டும் ஆண்டாகக் கூறும். இது பண்டை இலக்கிய வழக்கு. இன்றைய வாழ்வுக்கு இதனைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. பெண்ணின் மணவயது பதினெட்டு, ஆணின் மணவயது இருபத்தொன்று என்னும் சட்டத்திருத்தம் 1978ஆம் ஆண்டிலேயே, அஃதாவது இப்படம் வருவதற்கு மூன்றாண்டு முன்னரே, செய்யப்பட்டது. சிறாரைப் பாலியற் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் 2012இல் வந்தது. எனவே, இன்று இப்படத்தைக் காணும் ஆசிரியரோ பெற்றோரோ, ‘இவ்விளையோர் இன்னும் சில ஆண்டு காத்திருத்தல் ஆகாதோ?’ என்று கருதுவாராயின், அது காதலை வெறுக்கும் கருத்தாகாது. பொழுது தகாதது என்று வழியிற் கண்டோர் சொல்லும் அன்புரையே அது. இவரைப் பழமைவாதிகள் என்று ஒதுக்குதல் முறையன்று.

விடைகொடுப்பார்

இனி, படத்தைப் போற்றுவாரை நோக்குவோம். இவர் போற்றுவது குடிமை ஒப்பினைக் காதல் கடந்து நிற்கும் நிலையை. ஒப்புமை பத்தினை வகுத்த இலக்கணத்தோடு சங்கப்பாடல்கள் சில மாறுபட்டு நிற்றலும் ஈண்டு நினைத்தற்குரியது. நற்றிணை 45ஆம் பாட்டில் தோழி தலைவனை மறுத்துரைக்கின்றாள். இவள் கடலுட் புகுந்து மீன்பிடிக்கும் பரதவர் மகள். நீயோ கடைத்தெருக்களையுடைய மூதூரில் தேருடைய செல்வனின் மகன். புலவு நாறும் எம்மிடத்து நினக்கு என்ன வேலை என்பது அவள் கூற்று. கடற்கரையும் குடிவேறுபாடும் காதலும் ஒருங்கு கூடிய காட்சி இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்க. குறுந்தொகை 40ஆம் பாட்டின் தலைவனோ, தம் இருவர் தாயரும் தந்தையரும் ஒருவரையொருவர் அறியாதார் என்பதை வெளிப்படச் சொல்லி, நெஞ்சங்கள் கலந்தமையே போதும் என்கின்றான். இப்பாடல்களைப் பயின்ற தமிழர், மேரியும் விச்சுவும் கூடியதை அயல்நாட்டு வழக்கு என்று தள்ளவில்லை. தம் இலக்கியத்தின் தொடர்ச்சியாகவே ஏற்றனர்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இப்படமோ கூடலை நெய்தல் நிலத்தில் வைத்துக் காட்டுகின்றது. ஆயினும் திணைமயக்கம் விலக்கப்பட்டதன்று. காதலர் ஊர் நீங்கும் இறுதிப் பகுதியில் அந்நெய்தலே பாலையின் துயரை ஏற்கின்றது.

தாய்நிலை கண்டார்

மூன்றாம் சாரார் கருத்தே ஆழமானது. உடன்போக்குப் பாடல்களில் பெரிதும் வருந்துபவள் தலைவியின் தாய். அவளைத் தேற்றும் குரலும் உண்டு. கலித்தொகை 9ஆம் பாட்டில் செவிலியை எதிர்ப்பட்ட அந்தணர், மலையிற் பிறந்த சந்தனம் பூசுவார்க்கன்றி மலைக்குப் பயன்படாது. கடலிற் பிறந்த முத்து அணிவார்க்கன்றிக் கடலுக்குப் பயன்படாது. யாழிற் பிறந்த இசை கேட்பார்க்கன்றி யாழுக்குப் பயன்படாது. நும் மகளும் அத்தன்மையள் என்று கூறித் தேற்றுவர். இப்படத்தில் இழந்து நிற்கும் தாயாக நம் மனத்தில் பதிபவள் தலைவியின் தாயல்லள், தலைவனின் தாய். கமலா காமேசு நடித்த அவ்விசையாசிரியை, தான் கற்பித்த மாணவியாலேயே மகனைப் பிரிகின்றாள். இசையின் உவமையால் தேற்றப்பட்ட பழந்தாயையும், இசையை வாழ்வாகக் கொண்ட இத்தாயையும் ஒருங்கு நினைப்பார்க்கு, இவளைத் தேற்றுவார் யார் என்னும் வினா எழாமற் போகாது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. தலைவியின் தந்தையும் தமையன்மாரும் களவினைக் குறிப்பால் உணர்வர் என்பது தொல்காப்பியம். அவர் கூற்றைப் பிறர் எடுத்துச் சொல்வதல்லது, அவரே நேர்நின்று பேசுதல் அகப்பாட்டில் இல்லை. கலித்தொகை 39ஆம் பாட்டில், செய்தியறிந்த தமையன்மார் அம்பினையும் வில்லினையும் நோக்கிக் கண் சிவந்து ஒரு பகல் முழுதும் சினந்தனர் என்றும், பின்னர்ச் சினம் ஆறி இருவரிடத்தும் குற்றமில்லை என்று இசைந்தனர் என்றும் தோழி வாயிலாகவே அறிகின்றோம். திரைப்படம் தமையனுக்குப் பேச்சும் உருவும் தருகின்றது. தியாகராசன் நடித்த அப்பாத்திரம் அச்சத்தின் வடிவாக நிற்கின்றது. அவன் மனைவியாக வரும் எலிசியின் பரிவே அவ்வில்லத்தில் காதலர்க்கு உள்ள ஒரே நிழல். கவர்ச்சி வேடங்களால் பெயர்பெற்ற சில்க் சுமிதா இவ்வேடத்தை அடக்கத்தோடு நடித்தமையைப் படத்தைக் குறைகூறுவாரும் பாராட்டுவர்.

சிலம்பும் பூணூலும் சிலுவையும்

கருத்துவேறுபாட்டின் வேர் இறுதிக் காட்சியில் உள்ளது என்றோம். அதனைச் சங்கப்பாடல்கள் இரண்டனோடு ஒப்பிடுதல் தகும். குறுந்தொகை 7ஆம் பாட்டு கண்டோர் கூற்று. வில்லேந்திய இளைஞன் காலில் கழல் உள்ளது. உடன்வரும் பெண்ணின் கையில் வளையும் காலில் சிலம்பும் உள்ளன. சிலம்பு கழியும் சடங்கு நிகழாமையின் இவர்க்கு இன்னும் மணம் நிகழவில்லை என்பது கண்டோர்க்குப் புலனாகின்றது. இரங்கத்தக்க இவர் யாவரோ என்கின்றனர். ஐங்குறுநூறு 399ஆம் பாட்டில் நற்றாய், சிலம்பு கழிக்கும் சடங்கு தலைவன் இல்லத்தில் நிகழினும் மணவிழாவேனும் எம் இல்லத்தில் நிகழ்க என்று அவன் தாயிடம் சொல்வார் உண்டோ என ஏங்குகின்றாள். ஈண்டுச் சிக்கல், மணத்தை எவ்வில்லம் நடத்துவது என்பதே. இரண்டு இல்லங்களும் ஏற்க அணியமாக உள்ளன. பெண்ணின் காலணியைக் கழற்றுவோர் சுற்றத்தார். அக்கழற்றல் சேர்த்தலின் அடையாளம்.

திரைப்படத்தில் அணி கழற்றப்படுகின்றது. ஆயின் கழற்றுவோர் சுற்றத்தார் அல்லர், காதலரே. அக்கழற்றல் சேர்த்தலின் அடையாளமன்று, நீங்குதலின் அடையாளம். மேலும், பெண் ஒருத்தியே தன் அடையாளத்தை விட்டு ஆணின் குடியிற் புகுவதன்று இது. ஆணும் பெண்ணும் ஒருசேர விடுகின்றனர். எவரும் எவர் சமயத்திற்கும் மாறவில்லை. இந்த நிகரே படத்தின் பெருமை. ஆனால், விட்டபின் அவர்களை ஏற்கும் இல்லம் எது? படம் அதனைக் காட்டவில்லை. அவ்வெற்றிடத்தில் நின்றே காண்போர் தத்தம் உள்ளப்பாங்கிற்கேற்ப விடைகொடுக்கவும், அஞ்சவும், வருந்தவும் செய்கின்றனர்.

சமயத்தை விடாமலே இருவேறு சமயத்தார் மணந்துகொள்ள 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இடந்தருகின்றது. அதற்கும் வயது வரம்பு உண்டு. முப்பது நாள் முன்னறிவிப்பும் வேண்டும். அம்முப்பது நாளும் ஊரறிய நிற்றல் இத்தகைய காதலர்க்கு எளிதன்று. சட்டத்தின் வாயில் திறந்திருப்பினும், அதுவரை நடத்தற்கு ஓர் இல்லத்தின் துணை வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். 2004இல் பாலாசி சக்திவேல் இயக்கிய ‘காதல்’ என்னும் படம், பள்ளி மாணவியொருத்தியும் ஊர்தி பழுதுபார்க்கும் இளைஞன் ஒருவனும் மதுரையினின்று சென்னைக்குச் சென்று மணந்தபின் நேர்ந்ததைக் காட்டிற்று. உறவினர் அவர்களை வஞ்சித்து மீட்டுப் பிரித்தனர். இளைஞன் சித்தம் கலங்கித் தெருவில் அலைந்தான். முன்னைப் படம் சொல்லாது விட்டதைப் பின்னைப் படம் சொல்லிற்று என்று கொள்ளலாம். ‘அலைகள் ஓய்வதில்லை’ பற்றி அஞ்சியவர் அச்சம் வீணன்று என்பதற்கும், அக்காதலரை ஏற்பார் இன்மையே குற்றம் என்பதற்கும் ‘காதல்’ ஒருங்கே சான்றாகின்றது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: இப்படம் பற்றிய கருத்துவேறுபாடு காண்போரின் சுவைவேறுபாட்டால் மட்டும் எழுந்ததன்று, உடன்போக்கினைக் காண்பார் எய்தும் மூவகை உணர்வின் வெளிப்பாடே அது. அம்மூவகைக்கும் தொல்காப்பியம் இடம் வகுத்துள்ளது. பழைய உடன்போக்கு ஏற்கும் இல்லம் ஒன்றனை எதிர்நோக்கிச் சென்றது; இப்படத்தின் உடன்போக்கு அத்தகைய இல்லம் காணாது நின்றது. பண்டைக் கண்டோர் குற்றம் காட்டியதோடு நில்லாது, அண்மையிலுள்ள ஊரையும் அன்பொடு காட்டினர். இன்று இப்படத்தைக் கண்டு வாதிடுவாரும் அவ்விரண்டையும் செய்தல் வேண்டும். இளையோர் வழியின் ஏதத்தை எடுத்துரைப்பார், அவர்க்கு அடைக்கலமாகும் ஊர் எது என்பதையும் உடன் கூறுதல் கடனாகும்.