நரி பெற்ற பிள்ளை பனிக்கட்டியில் ஆடிய கூத்து! ஜப்பான் வாலிபர் தங்கம் தட்டிய கதை

செங்கம்: கூத்தருக்கு வாரிக் கொடுத்த நன்னன் ஆண்ட ஊர் செங்கம். சங்க நூலான 'மலைபடுகடாம்' அவன் மேல் பாடியதுதான். இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கூத்து பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். பின்னால் சலங்கை குலுங்கும். வேஷக்காரர் முகம் காட்டுவதற்குள் நமக்கு மூச்சு முட்டிவிடும்.

இதே வித்தையை ஒரு ஜப்பான் வாலிபர் பனிக்கட்டித் தரையில் செய்து காட்டினார். திரை இல்லை, சலங்கை இல்லை. ஒலிபெருக்கியில் ஒரு மூச்சுச் சத்தம் மட்டும். அது அவருடைய சொந்த மூச்சு! பதிவு செய்து இசைக்கு முன்னால் ஒட்டவைத்திருந்தார்.

அவர் பெயர் யுசுரு ஹன்யு. 1994-ல் சென்டாய் நகரில் பிறந்தவர். ஆட்டத்தின் பெயர் 'செய்மெய்'.

யார் இந்த செய்மெய்?

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கியோட்டோ அரண்மனையில் நாள், நட்சத்திரம் கணித்துச் சொன்னவர் ஆபே நோ செய்மெய். நிஜமாகவே வாழ்ந்த மனிதர், 1005-ல் காலமானார். ஜனங்கள் அதோடு விடுவார்களா? பேயை அடக்கினார், காகிதத்தை மடித்துக் கொக்காகப் பறக்க விட்டார் என்றெல்லாம் கதை கட்டினார்கள்.

அவருடைய அம்மாவே ஒரு வெள்ளை நரியாம்! வேட்டைக்காரர்களிடமிருந்து தன்னைக் காப்பாற்றியவனுக்காகப் பெண் உருவில் வந்து குடித்தனம் நடத்தினாளாம். ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிட, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுக் காட்டுக்கே போய்விட்டாளாம். நல்லதங்காள் கதைக்கு அழுகிற நம் பெண்கள் இதைக் கேட்டாலும் முந்தானையைத் தேடுவார்கள்.

2001-ல் இந்த செய்மெய் சினிமாவுக்கு வந்தார். படம் 'ஒன்மியோஜி'. டைரக்டர் யோஜிரோ தகிதா. இசை ஷிகெரு உமெபயாஷி. மேளமும் புல்லாங்குழலும் போட்டி போடும் அந்த இசையைத்தான் ஹன்யு எடுத்துக்கொண்டார்.

நேரில் போய்க் கேட்டார்

கூத்துக்குள் சினிமா மெட்டு நுழைந்தால் நம்மூர்ப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் பனிக்கட்டி ஆட்டத்தில் சினிமா இசை சகஜம். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜோடி டேவிஸ் - வைட், 'தேவதாஸ்' இந்திப் படப் பாட்டுக்கு ஆடியதும் வெள்ளிப் பதக்கம் வாங்கியதும் தெரிந்த சங்கதி.

ஹன்யு பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. படத்தில் செய்மெய் வேஷம் கட்டிய மன்சாய் நொமுரா, 'கியோகென்' என்கிற பழைய நாடகத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் குடும்பத்தைச் சேர்ந்தவர். 2015-ல் ஹன்யு அவரையே நேரில் பார்த்தார். கையை ஏன் அப்படித் தூக்கினீர்கள், எதற்காக அங்கே நின்றீர்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். வாத்தியாரிடம் அடவு கேட்கிற சிஷ்யன் மாதிரி! சினிமா வழியாக வந்தவர், கடைசியில் கூத்துக்காரரிடம்தான் போய்ச் சேர்ந்தார். ஆட்டத்தை அமைத்துக் கொடுத்தவர் கனடாக்காரர் ஷே-லின் போர்ன்.

மொத்தம் நாலரை நிமிஷம். நம் கூத்துக்காரர் தரையில் கிறுக்கி சுற்றுவார். இவர் காலில் மெல்லிய இரும்புத் தகட்டோடு எழும்பி, ஒரு வினாடிக்குள் அந்தரத்தில் நாலு சுற்று சுற்றி, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும்.

2015 நவம்பரில் நகானோ நகரப் போட்டியில் 322.40 புள்ளிகள். அதுவரை 300-ஐ யாருமே தொட்டதில்லை! இரண்டே வாரத்தில் பார்சிலோனாவில் 330.43.

கணுக்காலில் அடி

அடுத்த ஒலிம்பிக்குக்கும் 'செய்மெய்'தான் என்று முடிவு செய்தார். அங்கேதான் விதி விளையாடியது. 2017 நவம்பரில் ஒசாகாவில் பயிற்சியின்போது விழுந்தார். வலது கணுக்கால் போச்சு. ஒலிம்பிக்குக்கு மூன்றே மாதம். அதுவரை வேறு எந்தப் போட்டியிலும் அவரால் இறங்க முடியவில்லை.

2018 பிப்ரவரி 17. தென்கொரியாவில் பியோங்சாங் ஒலிம்பிக். அதே மூச்சுச் சத்தம் கேட்டது. முதல் தாவல்கள் கச்சிதம். பாதிக்கு மேல் கால் தடுமாறியது. கடைசித் தாவலில் சாய்ந்தே விட்டார். எப்படியோ விழாமல் சமாளித்தார். ஆட்டம் முடிந்ததும் குனிந்து அந்த வலது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மொத்தம் 317.85. தங்கம்! 2014-லும் அவர்தான் ஜெயித்திருந்தார். ஆண்கள் பிரிவில் அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் தங்கம் என்பது, 1952-ல் அமெரிக்காவின் டிக் பட்டன் செய்ததற்குப் பிறகு 66 வருஷம் கழித்து நடந்தது.

ரசிகர்கள் 'பூ' என்கிற மஞ்சள் கரடிப் பொம்மைகளை மழையாய்க் கொட்டினார்கள். ஹன்யுவுக்கு அந்தக் கரடி மேல் அத்தனை பிரியம். பொறுக்கி எடுக்கச் சின்னப் பெண்கள் கூட்டமாகச் சறுக்கி வந்தும், பனிக்கட்டி வெளுக்க வெகுநேரம் ஆயிற்று.