எலுமிச்சைச் சாறு... சுள்ளென்ற வெயில்... கையில் கொப்புளம்!

ஊறுகாய்க்காக ஐம்பது எலுமிச்சம்பழங்களை நறுக்கி, உப்பு போட்டுப் பிசறி, மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கிறீர்கள். அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் புறங்கை சிவந்து எரியும். அடுத்த நாள் கொப்புளம். ‘எண்ணெய் தெறித்ததா, பூச்சி கடித்ததா?’ என்று யோசிப்போமே தவிர, எலுமிச்சையைச் சந்தேகிக்க மாட்டோம்.

எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில், ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. இது சருமத்தில் படிந்திருக்கும்போது வெயிலின் புற ஊதா ஏ கதிர் பட்டால், அந்த இடம் வெந்துபோன மாதிரி ஆகிவிடும். இதை ‘ஃபைட்டோஃபோட்டோடெர்மடைட்டிஸ்’ என்கிறார்கள் மருத்துவர்கள். இது அலர்ஜி அல்ல. சாறும் வெயிலும் சேர்ந்தால் யாருக்கும் வரலாம்.

அத்திப் பால், செலரி, குளியல் பொடியில் சேர்க்கும் கார்போக அரிசி ஆகியவற்றிலும் இந்த வகைப் பொருள் உண்டு. வெண்புள்ளிக்குச் சொராலென் மருந்தும் அளவான ஒளியும் கொடுத்துச் சிகிச்சை செய்வது இதே அடிப்படையில்தான். அளவு தெரியாமல் வீட்டில் முயன்றால் புண்தான் மிஞ்சும்.

யார் அடித்தது?

ஜூஸ் பிழிந்த கையோடு குழந்தையைத் தூக்கி, வெயிலில் விளையாட விடுகிறோம். இரண்டு நாளில் அதன் முதுகில் விரல் பதிந்த மாதிரி தடம்! குழந்தையை யாரோ அடித்துவிட்டார்கள், சூடு வைத்துவிட்டார்கள் என்று மருத்துவர்களே சந்தேகப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதனால், யாரையும் குற்றம் சொல்லும் முன், இரண்டு நாள்களுக்கு முன்பு என்ன பிழிந்தோம், எங்கே நின்றோம் என்று யோசித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

என்ன செய்யலாம்?

* பழம் பிழிந்ததும், வெயிலுக்குப் போகும் முன் சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்கள். தண்ணீரில் நனைத்தால் மட்டும் போதாது.

* நிறைய பழம் நறுக்கும்போது கையுறை போடுங்கள்.

* எரிச்சல் தொடங்கினால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். அந்த இடத்தில் வெயில் படக் கூடாது.

* கொப்புளத்தை உடைக்காதீர்கள். பெரிதாக இருந்தாலோ, சீழ் வைத்தாலோ, குழந்தைக்கு வந்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

புண் ஆறிய பிறகும் கருமை சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை இருக்கும். பெரும்பாலும் தானே மறைந்துவிடும். அதைப் போக்க எலுமிச்சையையே தேய்த்துவிடாதீர்கள்!