தன் கதையே தனக்கு மருந்து

தன் வரலாறு எழுதுதல் பெரியோர்க்கே உரிய செயல் என்றொரு எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1940-இல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கியபோது எண்பது வயதைக் கடந்திருந்தார். அரிய செயல் புரிந்தவர் எழுதுவார், மற்றவர் படித்துப் பயனடைவார் என்பதே வழக்கு. ஆயினும் தன் வரலாற்றுக்கு இன்னொரு பயனும் உண்டு. அது படிப்பவரைச் சேர்வதற்கு முன்னரே எழுதுபவரைச் சென்றடைவது.

புத்தளக் கடற்கரைக்கு வாழ்க்கை வரலாற்றுக் கலை புதியதன்று. 1807-இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி, ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூலை 1859-இல் வெளியிட்டார். பிறர் வாழ்க்கையை ஏட்டில் ஏற்றிய அதே கரைக்கு, நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், எழுதப்படாத பல்லாயிரம் வாழ்க்கைகள் வந்திறங்கின.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறப் பணித்தனர். யாழ்ப்பாண நகரத்து மக்கள் ஒக்டோபர் 30-ஆந் தேதி ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துள் ஊரைவிட்டு நீங்குமாறு கட்டளையிடப்பட்டனர். மன்னார்த் தீவினர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர் என்பர். அவர்களிற் பெரும்பாலோர்க்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று. தென்னந்தோப்புகளின் ஓரத்திலும் உவர்நிலத்திலும் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. சில நாட்களுக்கென எழுந்த குடிசைகளில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தது.

இக்கரையில் ஆசிரியத் தொழில் புரிந்த எனக்கு, அகதி முகாம்களிலிருந்து வந்த மாணவரும் பெற்றோரும் பழக்கமானவர்கள். விண்ணப்பங்களை நிரப்பித் தருமாறு முதியோர் பலர் என்னை நாடி வருவதுண்டு. ஒருநாள் மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த தாயொருத்தி, விட்டுவந்த பொருள்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். வீடு, ஆடு, தையல் இயந்திரம் என எல்லாம் வரிசையாக வந்தன. கிணற்றுக் கப்பியென்று சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. கப்பியை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

“இதற்கெல்லாம் ஒரு கொப்பி வேண்டும் மாஸ்டர்” என்றார் அவர். எட்டாம் வகுப்புவரை படித்தவர். பேரப்பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில், இரவு வேலைகள் முடிந்த பின்னர், எழுதத் தொடங்கினார். முதல் வாரத்தில் அழுகையே மிகுந்ததாம். சில மாதங்கள் கழித்து, “இப்போது அந்த நாள் என்னைத் துரத்துவதில்லை, நான் கூப்பிட்டால் வருகிறது, போகச் சொன்னால் போகிறது” என்றார். இதனினும் தெளிவாக எந்த நூலும் எனக்கு இதனை விளக்கியதில்லை.

அறிவியலாரும் இதனை ஆராய்ந்திருக்கின்றனர். ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர் 46 பேரை நான்கு நாட்கள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் எழுதச் செய்தனர். சிலர் அற்பமான பொருள்களைப் பற்றியும், ஏனையோர் தம் வாழ்வின் பெருந்துயரைப் பற்றியும் எழுதினர். நிகழ்ச்சியையும் அது தந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியோர், எழுதிய உடனே மனம் சோர்ந்தனர். எனினும் அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவரை நாடுதல் அவர்களிடையே குறைந்திருந்தது. நிகழ்ச்சியை மட்டும் எழுதியோர்க்கு அப்பயன் வாய்க்கவில்லை.

இதனை மிகைப்படுத்தலும் ஆகாது. 2006-இல் ஒருவர் 146 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து நோக்கியபோது, பயன் உண்டு, ஆனால் அது சிறிது என்றே கண்டார். ஆழ்ந்த காயமுற்றோர்க்குக் காகிதம் மட்டும் போதாது. மருத்துவரும் நம்பிக்கைக்குரிய துணையும் வேண்டும். மேலும், நிலத்தை இழந்தவர்க்கு நிலமும், நீதியை இழந்தவர்க்கு நீதியும் வேண்டும். கொப்பியைக் கொடுத்துக் கடமை முடிந்ததென்பது கொடுமையாகும்.

எழுத்து செய்வது யாது? துயரம் உள்ளத்தில் ஒழுங்கின்றிக் கிடக்கிறது. வாக்கியமோ ஒழுங்கை வேண்டுகிறது. ‘அதற்கு முன்’, ‘அதன் பின்’ என எழுதும்போது, முடிவின்றி நிகழ்ந்துகொண்டிருந்தது முடிந்துபோன நிகழ்ச்சியாகிறது. எருக்கலம்பிட்டியிற் பிறந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் 2018-இல் மறையும்வரை இம்மக்களின் இழப்பைப் பதிவு செய்துவந்தார். வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் 2011-இல் வெளிவந்தது. இவை வரலாற்றுக்கு இன்றியமையாதவை. ஆயினும், அறிக்கையில் ஒருவர் சாட்சியாகிறார். தன் கொப்பியிலோ அவர் ஆசிரியராகிறார்.

இங்கே மற்றொன்றையும் சொல்லவேண்டும். வெளியேறுக என்ற கட்டளையும் தமிழில்தான் பிறந்தது. வெளியேறியவரின் தாய்மொழியும் தமிழே. அச்சுறுத்திய மொழியிலேயே தன் வீட்டையும் உம்மாவையும் கிணற்றையும் ஒருவர் எழுதும்போது, பறிபோன மொழியையும் மீட்டுக்கொள்கிறார். அதனைப் படிக்கும் ஏனைய தமிழர்க்கும் தம் உள்ளத்தைத் தொட்டுப் பார்க்கும் கடமை உண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘எனது ஊர்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுக்கும்போது, சில பிள்ளைகளுக்கு இரண்டு ஊர்கள் உண்டென்பதை நினைவிற் கொள்ளுங்கள். எழுத வற்புறுத்தாதீர்கள். எழுதியதற்குப் புள்ளியிடாதீர்கள். உரியவர் இசைவின்றி வகுப்பில் வாசிக்கவும் வேண்டாம். கொப்பி எழுதியவரிடமே இருக்கட்டும். அதை என்று திறப்பது, யாருக்குக் காட்டுவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.